ஷோனாவின் உதடும் மர்ரேயின் மாத்திரையும்

எங்கள் ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் உதடு என்று சொன்னால் அது ஷோனா மெக்கியூவனுடையதுதான். மற்றவர்களுக்கு இருப்பது வெறும் வாய். அவள் கார்னெட் என்கிற குட்டி எக்காளத்தை எடுத்து ஊதினால், பின்வரிசையில் ட்யூபா என்கிற ராட்சதக் குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான் என் முறை வந்ததையே மறந்துவிடுவேன். ஆனால் ஜூலையில் தேசியப் போட்டி நெருங்கினால் போதும், அந்த உதட்டில் கொப்புளம் கிளம்பிவிடும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவளுடைய தனி வாசிப்பை வேறு யாரோ ஊதினார்கள். அவள் மேடைக்குப் பக்கத்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

போன வருஷப் போட்டி முடிந்த கையோடு எங்கள் பேண்டு மாஸ்டர் மர்ரே டல்லக் ஒத்திகைக் கட்டடத்துக்குப் பெரிய டப்பா ஒன்றுடன் வந்தான். லைசின் என்கிற அமினோ அமில மாத்திரை. மர்ரே ஆட்டுப் பண்ணைக்காரன். மருந்து விஷயத்தில் இதுவரை எந்த ஆடும் அவனை எதிர்த்துப் பேசியதில்லை.

"கொப்புளக் கிருமிக்கு ஆர்ஜினைன்தான் சோறு. லைசின் உள்ள போனா அந்தத் தட்டைப் பிடுங்கிடும். கடலையிலயும் சாக்லேட்டுலயும் ஆர்ஜினைன் கொட்டிக் கெடக்கு. இனிமே ரெண்டும் இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது. மாத்திரை எல்லாரும் போடணும்."

மூன்றாம் கார்னெட் ஊதும் நைரிதான் ஊரில் மருந்துக் கடை நடத்துகிறவள். அவள் மட்டும் கையை நீட்டவில்லை.

"ஆய்வெல்லாம் சின்னச் சின்னது மர்ரே. ஒண்ணு பலன் இருக்குங்குது, இன்னொண்ணு இல்லவே இல்லங்குது. நம்பி எறங்குற மாதிரி எதுவும் இல்ல. ஷோனா, உதடு குறுகுறுன்னதுமே எங்கிட்ட ஓடி வா. அந்தக் கிருமிக்குன்னே மருந்து இருக்கு."

"பின்னே, உன் கடை ஓட வேணாமா!" என்றான் மர்ரே. எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தேநீர் இடைவேளையில் நாங்கள் சீஸ் ரோல் தின்ன, நைரி வாசலுக்கு வெளியே குளிரில் நின்று, எங்களுக்குக் கேட்கும்படி வறுத்த கடலையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் மாதம் ஷோனா உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். "பாரு நைரி, ஒரு பொட்டுகூட வரல!"

"உனக்கு ஏப்ரல்ல என்னைக்குடி வந்திருக்கு? போட்டிக்குப் போட்டிதானே வரும்?"

சர்ச்சுக்குள் ஏப்பம் விட்டவளைப் பார்ப்பதுபோல் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷோனாவின் கார்னெட்டுக்குப் உதடு பதித்து ஊதும் முனை, புது வெள்ளி மவுத்பீஸ் வந்தது. அவள் ஊதிக் காட்டினாள். மர்ரேவுக்குத் தலைகால் புரியவில்லை. அவளிடமிருந்து வாங்கித் தானும் ஊதினான், முன்வரிசைக்காரர்களிடமும் கொடுத்தான். ஒருவன் சட்டை நுனியால் துடைக்கப் போனான்.

"எதுக்குத் தொடைக்கிற? அதான் உள்ள லைசின் காவல் நிக்குதே!" என்றான் மர்ரே.

மவுத்பீஸ் வாய்க்கு வாய் போயிற்று. நைரி கை நீட்டியபோது மர்ரே வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "மாத்திரை போடாதவங்களுக்குக் கெடையாது. நீ எதையாவது ஒட்ட வச்சுடுவ."

அன்று காலையிலேயே ஷோனாவின் உதடு குறுகுறுத்திருக்கிறது. நைரியிடம் போயிருக்கக் கூடாதா என்று பிற்பாடு கேட்டேன். "அதான் மாத்திரை போடுறேனேன்னு இருந்துட்டேன், நெவில்" என்றாள் என்னிடம். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போட்டியன்று ஷோனாவின் உதட்டில் தடித்த பொருக்கு. முன்வரிசையில் மற்றவர்களுக்கும் புதுக் கொப்புளங்கள். மர்ரேவுக்கு மீசைக்குக் கீழே ஒரு கொத்து. கார்னெட் ஊதுகிறவர்களில் நைரியின் வாய் மட்டும் பளிச்சென்று இருந்தது. தனி வாசிப்பு அவள் தலையில் விழுந்தது. மாத்திரை எண்ணிப் போடுகிறவளைப்போல், ஒன்றும் சிந்தாமல், ஒன்றும் மினுங்காமல் ஊதி முடித்தாள். மேடையோரம் ஷோனா கைக்குட்டையோடு நின்றாள். அந்தப் பக்கம் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் மர்ரே வீங்கிய வாயால் சொன்னான்: "லைசின் மட்டும் போடலன்னா இதைவிட மோசமா வந்திருக்கும்."

"அப்போ எனக்கு ஏன் வரல?" என்று கேட்டாள் நைரி.

மர்ரே யோசனையில் ஆழ்ந்தான். அது எப்போதுமே ஆபத்து.

அடுத்த ஒத்திகைக்குப் போனால், சீஸ் ரோல்களுக்கு நடுவில் ஒரு பேசின் நிறைய வறுத்த கடலை. "கார்னெட் ஊதுறவங்கள்ல சுத்தமா இருந்தது யாரு? நைரி. அவ வருஷம் பூரா தின்னது என்ன?" என்றான் மர்ரே. "ஊதுறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு கைப்பிடி!"

"அந்த மவுத்பீஸை நீ எனக்குக் குடுக்கல. காரணம் அவ்வளவுதான். வேற ஒரு மண்ணும் இல்ல!" என்று கத்தினாள் நைரி.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேசினுக்குள் முதலில் கையை விட்டது ஷோனாதான். பொருக்கு உதிர்ந்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. கையில் கடலையோடு அவள் நைரியிடம் ஆசையாகக் கேட்டாள்.

"நீ தின்னது உப்புப் போட்டதா, போடாததா?"