முன்பாதியும் பின்பாதியும்

விபத்தில் நசுங்கிய கார்களை வாங்கி, சீராக்கி விற்பது என் தொழில். இப்போது புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் ‘அடிபட்ட வண்டி’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அது போதாதென்று, எங்கே அடிபட்டது என்பதை வாங்க வருபவரிடம் நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். இந்தச் சட்டத்தை எழுதினவன் ஒரு காராவது விற்றிருப்பானா? சொல்லி முடிப்பதற்குள் வந்தவர்கள் வாசலைத் தாண்டிவிடுகிறார்கள்.

நேற்று ஒரு தம்பதி இரண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சிவப்பு கார் பிடித்துப்போனது. நான் தலையைச் சொறிந்தேன்.

“மென்னு முழுங்காம சொல்லிடுங்க!” என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

“அம்மா, இது ஒரே வண்டி இல்ல. முன்பாதி ஒரு கார், பின்பாதி வேற கார். ரெண்டும் அடிபட்டதுதான். நடுவுல வெல்டிங் வெச்சு ஒண்ணாக்கியிருக்கேன்.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு என்று நினைத்தேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“எங்களுக்கும் ரெண்டாவது கல்யாணம்தாண்ணே. பையன் என் பையன், பொண்ணு அவர் பொண்ணு,” என்றார் அந்த அம்மா. “ஒட்டின இடம் தாங்குமா?”

நான் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் பின்சீட்டில் ஏறி, ஜன்னலோரம் யாருக்கு என்று கட்டிப்புரண்டு சண்டை போட ஆரம்பித்துவிட்டன. கார் கிடுகிடுவென்று ஆடியது.

கணவர் குனிந்து வெல்டிங்கைப் பார்த்தார்.

“தாங்குது. எடுத்துக்கலாம்.”