மூன்றாம் விளி

ஓணத்துக்கு மூன்றாம் நாள் சாயங்காலம், உதியன்குளங்கரைக்கு உள்ளே இருந்த பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் வடம்வலியின், அதாவது கயிறு இழுக்கும் பந்தயத்தின், இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஜங்ஷன் மகளிர் அணி. இரண்டு வருடமாக பரிசு வாழைத்தாரான ஏத்தங்குலையையும் கோப்பையையும் வாரிக்கொண்டு போனவர்கள். மறுபக்கம் ஷீனாவின் அணி. ஏழு பெண்கள், ஏழு பச்சைச் சட்டை, முதுகில் கொட்டை எழுத்தில் 'முல்லைநகர்'.

முல்லைநகர் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கோலனி என்றால் பாறசாலை முதல் பாலராமபுரம் வரை தெரியும். இரண்டும் ஒரே இடம்தான், வாய்க்கால் கரையில் நாற்பத்தாறு வீடுகள். கோலனி என்ற சொல்லே இனி வேண்டாம் என்று அரசாங்கம் சொன்ன பிறகு, அந்த வீட்டுக்காரர்களே கூட்டம் போட்டுக் கைதூக்கித் தேர்ந்தெடுத்த பேர் முல்லைநகர். பலகை நட்டு ஒரு வருடம் ஆகிறது. பலகை நட்டால் ஊர்வாய் மாறிவிடுமா என்ன? பஸ்ஸில் இன்றைக்கும் "கோலனி எறங்கு" என்றுதான் சத்தம். யார் வீட்டிலாவது தேங்காய் காணாமல் போனால் முதல் கேள்வி கோலனிப் பயல்களைப் பற்றித்தான். நெய்யாற்றின்கரை துணிக்கடையில் வேலை பார்க்கும், ஷீனாவின் அணியில் ஒருத்தியான லேகா, கூட வேலை செய்கிறவர்கள் பஸ்ஸில் இருந்தால் ஒரு ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி நடந்து வருவாள்.

ஷீனாவுக்கு இதெல்லாம் ஆத்திரம்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஆத்திரம் அவள் வாய்மேலேயே இருந்தது. கேஸ் சிலிண்டர்காரன் போனில் வழி கேட்டால் அவளே "கோலனியாக்கும், வாங்க" என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிப்பாள். விடிகாலையில் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கை அவளுக்கு. அந்தக் கையால் தன் வாயிலேயே ஒரு போடு போடலாம் போல இருக்கும்.

அதனால் ஐந்து மாதத்துக்கு முன் பயிற்சி தொடங்கியபோதே ஒரு சட்டம் போட்டாள். அந்தப் பேரைச் சொல்கிறவள் இருபது தோப்புக்கரணம் போட வேண்டும். முதல் வாரத்தில் அதிகம் போட்டவள் கேப்டன் ஷீனாதான். ஐம்பத்திரண்டு வயது ரத்னபாய்தான் வடத்தின் கடைசியில் நின்று முதுகில் சுற்றிக் கால் ஊன்றுகிறவள். அவள் எண்ணி எண்ணிச் சிரித்தாள்.

முந்தின சுற்றுகள் எல்லாம் மைக் இல்லாமல், விசில் ஊதியே முடிந்திருந்தன. இறுதிப் போட்டிக்குத்தான் மைக். மைக் என்றால் ஜெயச்சந்திரன். இருபத்திரண்டு வருடமாக இந்த வட்டாரத்தில் ஓணத்துக்கும் திருவிழாவுக்கும் அவர் குரல்தான். அவர் மைக்கில் ஒரு பேர் சொன்னால் அது ஒட்டிக்கொள்ளும். தடியன் ஒருவனை ஒரு ஓணத்தில் வேடிக்கையாக 'மின்னல்' என்று சொல்லப்போய், கடைசியில் அவன் கல்யாணப் பத்திரிகையிலேயே மின்னல் ஏறிவிட்டது. ஷீனாவுக்கு வேண்டியது அதுதான். கோப்பை கிடைத்தால் சந்தோஷம். ஆனால் அந்த மைக்கில், ஊர் முழுக்கக் கேட்க, முல்லைநகர் என்று ஒருமுறை விழுந்தாக வேண்டும்.

மைக் கரகரத்தது.

"எல்லாரும் காத்திருந்த பைனல் மத்சரம்! ஜங்ஷன் மகளிர் அணி! எதிர்த்து, நம்ம கோலனி டீம்! ஒண்ணாம் விளி!"

ஜங்ஷன் பெண்கள் கூவிக்கொண்டு இறங்கினார்கள். "என்ன ஒரு ஆவேசம்!" என்றது மைக். பச்சைச் சட்டைக்காரிகளின் வீட்டுக் கூட்டம் இந்தப் பக்கமிருந்து கூவியது. "சத்தம் கொறையட்டும், பிரச்சனை ஒண்ணும் வேண்டாம்" என்றது அதே மைக்.

லேகா பாதி எழும்பிவிட்டாள். முப்பது வருடமாக அந்தப் பேருக்கு எழும்பிப் பழகிய கால்கள், யாரைக் கேட்கும்? ஷீனா அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இருட்டி, எழும்பாத. நம்மள விளிக்கல்ல."

"பின்ன ஆரையாக்கும்?"

"ஆரையோ."

மூன்று முறை விளிப்பார்கள், பேர் சொல்லி அழைப்பார்கள். மூன்றாம் விளி முடிந்தும் வடத்தைத் தொடாத அணி வெளியே. வழக்கம் அதுதான், அதில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது.

"மூணு விளி களிஞ்சா தோத்ததாக்கும் மக்கா," ரத்னபாய் மெல்லச் சொன்னாள். "கையி பொள்ளி வடம் வலிச்சதெல்லாம் வெறுதேயாப் போவும். பயந்து ஓடிட்டாளுவன்னு சொல்லுவினும்."

ஷீனாவுக்கும் அது தெரியும். வடத்தை இழுத்துத் தோற்றால் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். உட்கார்ந்தே தோற்றால் அடுத்த ஓணம் வரை ஊர் வாயில் கிடக்க வேண்டும்.

"இந்தப் பேருக்கு எழும்பினா, ஜெயிச்சாலும் கோலனி ஜெயிச்சதுன்னுதான் சொல்லுவினும் அக்கா. அந்தக் கோப்பைய எங்க கொண்டு வைக்க?"

ரத்னபாய் காலை நன்றாக நீட்டி, புடவைக்கடையில் பேரம் பேச உட்கார்ந்தவள் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்தாள். "அப்பம் இருப்போம்."

"கோலனி டீம்! ரெண்டாம் விளி!"

ஏழு பேரும் அசையவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "பாத்தியா, தொடங்கியாச்சு பிரச்சனை" என்று ஒருவன் சொன்னது ஷீனாவின் காதில் விழுந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதுகூடக் கோலனிக்காரி செய்தால் பிரச்சனைதான். நடுவர் செல்லசாமி விசிலும் கையுமாக ஓடிவந்தார்.

"எழும்புங்க பிள்ளியளே! இனி ஒரு விளிதான் உண்டு!"

"எங்கள ஆரும் விளிக்கல்லியே சார்," என்றாள் ஷீனா. "பாரத்தில என்ன பேரு எழுதித் தந்தோமோ, அத வாசிக்கச் சொல்லுங்க. அடுத்த நிமிசம் வடத்தில நிப்போம்."

செல்லசாமி மேடைக்குப் போனார். அணி எழுதித் தந்த காகிதத்தைத் தேடி எடுத்தார்கள். ஜெயச்சந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பிடித்துப் பார்த்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"இருவத்திரண்டு வருசத்தில ஒரு பேரு நான் தப்பா வாசிச்சதில்ல, செல்லசாமி," என்று மைதானம் முழுக்கக் கேட்டது. காகிதம் சரசரத்தது. "ஆமா, முல்லைநகர்னு இருக்கு. நான் பாரத்த நோக்கல்ல ஓய். மூஞ்சியப் பாத்தே வாசிச்சுப்போட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்த மைதானத்தில் இத்தனை வருடம் கேட்ட சிரிப்பில் ஷீனாவைச் சுடாத முதல் சிரிப்பு அது. மைக் அணையவில்லை என்று தெரிந்ததும் ஜெயச்சந்திரனின் காது சிவந்துவிட்டது. ஆனால் மனுஷன் தொழில்காரர். தொண்டையைச் செருமினார். "கோ..." என்று பழைய தடத்திலேயே நாக்கு வழுக்கப் பார்த்தது. நிறுத்தினார். மூச்சு வாங்கினார்.

"முல்லைநகர் மகளிர் அணி! மூணாம் விளி!"

ஏழு பேரும் ஒன்றாக எழும்பினார்கள்.

மொத்தம் மூன்று வலி, மூன்று இழுப்பு. முதலாவதில் தோற்றார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜங்ஷன் பெண்கள் சும்மாவா கோப்பை வாங்கினார்கள்? இரண்டாவதில் ஷீனா தாளம் போட, ஏழு பேரின் குதிகால்களும் ஒன்றாக மண்ணில் இறங்கின. அங்குலம் அங்குலமாக வடம் இந்தப் பக்கம் வந்தது. மூன்றாவது வலி நாலு நிமிடம் நீண்டது. லேகாவின் உள்ளங்கை உரிந்து வடத்தில் ரத்தம் பட்டது. ரத்னபாய் மல்லாந்து ஏறக்குறைய தரையைத் தொட்டாள், ஆனால் உட்காரவில்லை. முன்னால் நின்ற ஷீனா தொண்டை கிழியக் கத்தினாள். "முல்லைநகர், வலி! முல்லைநகர், வலி!" ஒருமுறைகூட நாக்கு பிசகவில்லை. பின்னாலிருந்த கூட்டமும் அதையே பிடித்துக்கொண்டது. கடைசியில் ஜங்ஷன் வரிசை உடைந்து, கோட்டைத் தாண்டி முகங்குப்புற வந்து விழுந்தது.

"என்ன ஒரு ஆவேசம்!" என்று மைக் அலறியது. "முல்லைநகரின் ஆவேசம் பாருங்க மக்களே!"

ஷீனா மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஜங்ஷன் கேப்டன் அஸ்வதி வந்து அவளைக் கட்டிப்பிடித்து, "அடுத்த வருசம் பாத்துக்கிடுதேன் உன்ன" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

பரிசளிப்பு. மேடையில் ஏத்தங்குலை தொங்கியது, கோப்பை மின்னியது.

"ஒண்ணாம் பரிசு, முல்லைநகர்! மேடைக்கு வரணும்!"

லேகா துள்ளி எழும்பினாள். ஷீனா மறுபடியும் அவள் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"இருட்டி."

"இப்பம் என்ன? நம்ம பேருதானே விளிச்சாரு?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். மூணு விளி உண்டில்லா? மூணும் முழுசா விளிக்கட்டும்."

ரத்னபாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். மேடையிலிருந்து ஜெயச்சந்திரன் எட்டிப் பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. புன்னகையோடு இரண்டாம் முறை விளித்தார். ஏழு பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்து, பாறசாலை வரைக்கும் கேட்கட்டும் என்பதுபோல, இருபத்திரண்டு வருடக் குரலையும் ஒன்றாகத் திரட்டி மூன்றாம் விளி விளித்தார்.

"முல்லைநகர்!"

"இன்னா வாறோம்!" என்று ஏழு பேரும் எழும்பினார்கள்.