தேசிக் குடும்பம்

எல்லைக்கும் தண்ணீருக்கும் கிரிக்கெட்டுக்கும் மல்லுக்கட்டுகிற ஜனங்கள், கடல் தாண்டிவிட்டால் போதும், 'தேசி', அதாவது நம்ம ஊர்ப்பக்கத்து ஆள், என்ற ஒரே சொல்லில் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள். அந்தச் சட்டைத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். பல நாட்டுக்காரர்கள், ஆளுக்கொரு மொழி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாட்ஸப் குழு: தேசிக் குடும்பம். யாருக்கு அறை வேண்டும், யாருக்குக் காய்ச்சல், யாருக்கு விசா முடிந்துவிட்டது, எல்லாம் அதில் வரும். சொந்தத்துக்குள் என்ன ஒளிவுமறைவு என்று கொட்டித் தீர்ப்பார்கள்.

குழுவை நடத்தியவர் இஸ்திரிப் பிரிவு சூப்பர்வைசர். எல்லோருக்கும் அவர் அண்ணன். "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்பார், வாய்க்கு வாய்.

அவர் பிரிவில்தான் அவளும் சட்டை தேய்த்தாள். அவளுடைய விசா முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்காரருக்கும் பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் விசா இருந்தது. பிடிபட்டால் அவளை மட்டும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அதனால் அவள் குழுவில் வாயே திறக்கவில்லை.

பக்கத்து மேசையில் காலர் தேய்ப்பவர் அப்படி இருக்கவில்லை. விசா முடிந்துவிட்டது, நல்ல வக்கீல் யாராவது தெரியுமா என்று குழுவில் கேட்டுவிட்டார். நிறைய பேர் ஆறுதல் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் ஒருநாள் மதியம், அண்ணன் வந்து அவருடைய இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

"ஏண்ணா?"

"ஒயர் சூடாகுதுப்பா. கொஞ்சம் ஆறட்டும்."

கொஞ்ச நேரத்தில் குடியேற்ற அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். யார் பெயரையும் கேட்கவில்லை. நேராக அந்த மேசைக்கு நடந்து, மனிதரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அந்த அணைந்த சுவிட்சைப் பார்த்தாள். ஆள் இல்லாத மேசையில் பெட்டி சூடாகக் கிடந்தால் சட்டை கருகிவிடும். அதற்காக அல்லவா முன்கூட்டியே அணைத்திருக்கிறார்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். இனி அந்த ஆள் நிழலைக்கூட மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வீடு திரும்பினாள்.

வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "உன் விசா விஷயத்தை அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நேர்லயே வர்றேன்னுட்டாரு."

"யாரைக் கேட்டு சொன்னீங்க?"

"நம்ம ஆளுகிட்ட சொல்றதுக்கு யாரைக் கேக்கணும்?"

அவள் மேலே பேசுவதற்குள் அண்ணன் ஆப்பிள் பையோடு வந்துவிட்டார். மகளின் கன்னத்தைத் தட்டினார். விசா எப்போது முடிந்தது, யார் யாருக்குத் தெரியும் என்று விசாரித்தார். அவளிடம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். அண்ணன் தேநீரைக் குடித்துவிட்டு, "தைரியமா இருங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் அவள் சுவிட்ச் கதையைச் சொன்னாள். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சொந்தக்காரனையே சந்தேகப்பட்டா நாம எப்படி உருப்படறது?" என்றபடி போனில் ஏதோ தட்டினார்.

"என்ன பண்றீங்க?"

"அண்ணனுக்கு அனுப்புறேன். உங்க தங்கச்சி உங்களையே போலீஸ் ஆளுன்னு நினைக்கிறான்னு. சிரிப்பாரு."

கூறுகெட்ட மனுஷன்! பதில் உடனே வந்தது. வீட்டுக்காரர் உரக்கப் படித்தார்.

"தங்கச்சி விவரமானவங்க மாப்ள. எனக்குக் கோவமே இல்ல. அவங்களை எங்கேயும் அனுப்பாதீங்க. ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு இப்பவே திரும்பி வர்றேன்." படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "பாத்தியா? மனுஷன் கோவிச்சுக்கவே இல்ல!"

அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். மகளையும் கூட்டிக்கொண்டு ஓட முடியாது. பிள்ளையாவது சட்டப்படி இங்கே இருக்கட்டும். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்தாள்.

"எங்கம்மா போறே?"

"கடைக்கு."

"அப்ப எனக்கு ஒரு ஸ்கேல் வாங்கிட்டு வா."

"சரிடா" என்றாள் அவள்.