முகம் தெரியாத படம்

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஐலி என் காதருகே குனிந்தாள். “நாளைக்கு என்கூட ஒரு இடத்துக்கு வரணும். சிரிச்சே, கொன்னுடுவேன்.”

விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அவள் கணவன் எய்னோ தாதுக் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஏரியில் பனிக்கட்டி உடைந்ததும் மாதக்கணக்காகப் போய்விடுவான். அவன் பெட்டியில் வைத்து அனுப்ப, தன்னையே படம் எடுத்து ஒரு சின்ன ஆல்பம் வேண்டுமாம். உள்ளாடையில், படுக்கையறை வெளிச்சத்தில், அவன் ஒருவனுக்கு மட்டும்.

“இந்த வயசுலயாடி?”

“இந்த வயசுலதான் அவனுக்கு மறதி வந்திருக்கு.” பிறகு அவள் குரல் தணிந்தது. “படம் சுமாரா வந்தாக்கூடப் போகுது. வேற யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாது. அதான் பயம்.”

முதலில் போனது நகரத்திலிருந்து வந்து புகைப்படக் கடை போட்டிருந்த ஓர் இளைஞரிடம். மரியாதையானவர். எங்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று, தான் எடுத்த படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு படத்தில் ஐலி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் ஒரு பெண். வெற்று முதுகு, இடது தோளுக்குக் கீழே பிறைபோல ஒரு தழும்பு. பாடகர் குழுவில் எனக்கு அடுத்து நிற்கும் சில்வி! சனிக்கிழமைதோறும் ஒரே சவுனாவில், நீராவிக் குளியலறையில், உட்கார்ந்து வியர்க்கிறவர்கள் நாங்கள்.

“இதை எடுத்துடுங்க தம்பி,” என்றாள் ஐலி.

“முகமே தெரியலையேம்மா.”

“எங்க ஊர்ல முதுகு போதும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. எங்கள் கண்ணெதிரிலேயே அழித்தார். நல்ல பையன்தான். ஐலி அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்து, ரொட்டிக்கடை மாடியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ரூத். “உங்க வேலையைக் காட்டுங்க,” என்றதும் ஓர் ஆல்பத்தைக் கொடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ரூத்தேதான். நரைத்த கூந்தல், மடிந்த வயிறு, வெட்கமில்லாத சிரிப்பு.

“மத்தவங்க படமெல்லாம் அவங்கவங்க வீட்டுல இருக்கு கண்ணு. காட்டறதுக்கு என்கிட்ட நான் மட்டும்தான் இருக்கேன்.”

ஐலி வெகுநேரம் பார்த்தாள். “இந்தத் தொப்பை என்கிட்டயும் இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை சவுனாவில் சில்வி எங்களுக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். “யாராவது முதுகைத் தேயுங்கடி, சும்மா உக்காந்திருக்கீங்களே!” நான் ஒரு கரண்டி நீரை அடுப்பின் மேல் காய்ந்திருந்த கற்களில் ஊற்றினேன். ஆவி சீறி எழுந்து எல்லார் முகங்களையும் மறைத்தது. ஐலியின் கை தடவிப் பார்க்காமலே அந்தத் தழும்பைக் கண்டுகொண்டு, அதைச் சுற்றி மெதுவாகச் சோப்புப் போட்டது.