கீறல் விழுந்த கண்ணாடி

மேலே எங்கோ கண்ணாடி சிலீரென்று நொறுங்கியது. லோர்னா விட்காம் காப்பிக் கோப்பையைப் புல்தரையில் வைத்துவிட்டு ஓடினாள். எழுபத்து மூன்று வயதில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஓடினாள்.

"மிஸ் விட்காம், மெதுவா! படியெல்லாம் ஆடுது!"

மூச்சிரைக்கப் பின்னால் வந்தவன் டேல். பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை தருபவர்களைக் கவனிப்பது அவன் வேலை. தான் படித்த காலத்தில் தங்கியிருந்த இந்தப் பெண்கள் விடுதியைப் பழுதுபார்க்க லோர்னா பணம் தருவதாகச் சொல்லியிருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மூன்றாவது மாடி, கோடி அறை. தரையெல்லாம் சில்லு. கஸ் என்ற தச்சன் ஜன்னல் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"எது உடைஞ்சது? எழுத்து கீறினதா?"

"அது இல்ல மேடம், பக்கத்துல இருந்தது. எழுத்து கீறினதும் குப்பைக்குத்தான் போகுது. சிவப்புத் தாள் ஒட்டியிருக்காங்க பாருங்க."

கட்டடத்தைக் காப்பாற்ற வந்த நிபுணர்கள், கீறல் விழுந்த கண்ணாடிகளை எல்லாம் பழுது என்று குறித்துவிட்டார்கள்.

"பழுதா? கல்யாணம் நிச்சயமான பொண்ணுங்க மோதிரத்து வைரத்தால எழுதிவச்சது இது. இதுகூடத் தெரியாமதான் பழசைக் காப்பாத்த வந்தாங்களாக்கும்!"

"ரெட்டைக் கண்ணாடி போட்டா குளிர் வராதுன்னு..." டேல் இழுத்தான்.

"அதை உன் வீட்டுல மாட்டிக்க. இது இங்கேயே இருக்கணும். இருந்தாத்தான் என் கையெழுத்து."

கஸ் சிரித்துக்கொண்டே சிவப்புத் தாளைச் சுரண்டி எடுத்தான். கண்ணாடி அங்கேயே இருக்கும் என்று டேல் நன்கொடைப் பத்திரத்தில் அவசரமாக ஒரு வரி சேர்த்தான். லோர்னா அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள்.

பிறகு கண்ணாடி முன்னால் மண்டியிட்டாள். எச். பி., டி. ஆர்., 1967. எச் என்ற எழுத்தை மட்டும் விரலால் தடவினாள். ஹெஸ்டர். டி. ஆர். அவளுக்கு நிச்சயமானவன். இதே அறையில் மூன்று வருடம் பக்கத்துக் கட்டில். அந்த ஜூனில் கல்யாணமாகிப் போனவள், பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் மட்டும் வந்தாள். கடந்த மூன்று வருடமாக அதுவும் இல்லை.

டேல் குனிந்து பார்த்தான். "இதுல உங்க எழுத்து எது?"

"என் எழுத்து இல்லப்பா. அவ கீறும்போது கண்ணாடி உடைஞ்சிடக்கூடாதேன்னு, மறுபக்கம் கைய வச்சுத் தாங்கிக்கிட்டிருந்தேன்."