பதினோரு பேருக்கு இடம்

மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்தே பத்தொன்பது வருடம் பிழைத்தவன் நான். பெயர் குணசேகர். மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவின் தலைவர். சொந்த ஊர் கோலார் தங்கவயல். மனைவிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை என்பதால் வாரநாட்களில் பெங்களூரு ஹூடியில் ஓர் அறையில் தனியாகக் கிடப்பேன். சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்குப் போவேன். ஆக, வாரத்தில் ஐந்து நாள் நான் பேசுகிற பேச்செல்லாம் ஆபீசில் பேசுகிற பேச்சுதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கம்பெனி பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே ஆறு பேரோடு ஆரம்பித்தபோது பிரிவாவது, தலைவராவது. எழுதுகிறவனே சோதிப்பான், அவனே கடைக்காரருக்குப் போன் போட்டுத் திட்டும் வாங்குவான். நாற்பது பேரானதும் அது சரிப்படவில்லை. முதலாளி தியோடர் ஆட்களை வேலைவாரியாகப் பிரித்தார். எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், சோதிப்பவர்கள் என் பக்கம். பல வருடம் அது நன்றாகவே ஓடியது. வைட்ஃபீல்டுக்கு வந்து நூற்றிமுப்பது பேரானதும் அதுவும் முரண்டு பிடித்தது. எழுதும் பிரிவு, முடித்துவிட்டோம் என்று எங்கள் தலையில் கட்டும். நாங்கள் இருபது தப்பைக் குறித்துத் திருப்பி அனுப்புவோம். இரண்டு வாரம் கழித்து அது மறுபடி வரும். இரண்டு பக்கமும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம். மருந்துக்கடைக்காரர் மட்டும் காத்துக்கொண்டே இருந்தார்.

போன ஜனவரியில் தியோடர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: பிரிவுகளைக் கலைத்துவிடலாம், சின்னச் சின்னக் குழுக்களாக்கலாம், ஒவ்வொரு குழுவிலும் எழுதுகிறவர், சோதிப்பவர் எல்லாரும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை பார்க்கட்டும். எழுதும் பிரிவின் தலைவர் பாக்கியராஜுக்கு முகம் தொங்கிப்போனது. அதை ஆதரித்துப் பேசியது நான்தான். சோதிக்கிறவர் முதல் நாளே கூட உட்கார்ந்திருந்தால் பாதித் தப்பு பிறக்கவே பிறக்காது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மனிதவள அதிகாரி மமதா நூற்றிமுப்பது பெயரும் உள்ள எக்செல் தாளை அனுப்பினாள். ஒவ்வொரு தலைவரும் தன் ஆட்களுக்கு நேரே குழுவின் பெயரை எழுத வேண்டும். என்னிடம் பதினோரு பேர், குழுக்களும் பதினொன்று. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். பிடித்த பிடியை விடாத சங்கமித்ராவைப் பில் போடும் குழுவுக்குக் கொடுத்தேன். யுவன் மெதுவானவன், ஆனால் எதையும் தவறவிட மாட்டான். அவன் சரக்கு இருப்புக் குழுவுக்கு. லாவண்யாவுக்குச் சத்தம் போட்டுப் பேசினால் ஆகாது. அவளுக்கு அமைதியான ஒரு குழுத் தலைவரைத் தேடிப் பிடித்தேன். பெண் கொடுக்கிற வீட்டை விசாரிப்பதுபோல ஒவ்வொரு குழுவையும் விசாரித்தேன்.

தப்பு நடந்தது இப்படித்தான். தாளில் 'மேலதிகாரி' என்ற பத்தியில் என் பெயர் உள்ள வரிகள் மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டேன். பதினோரு வரி வந்தது. பதினொன்றையும் நிரப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு மேலதிகாரி தியோடர் என்பதால் என்னுடைய வரி ஃபில்டருக்குப் பின்னால் மறைந்திருந்தது. குழு என்ற கட்டம் அதில் காலியாகவே போனது. முகம் தொங்கிய பாக்கியராஜ் முதலில் தன் பெயரை ஒரு குழுவுக்குத் தலைவராக எழுதிக்கொண்டுதான் மற்றவர்களுக்கு எழுதினாராம். விவரமானவர்.

திங்கட்கிழமை புதிய அமைப்புப் படம் எல்லார் திரையிலும் வந்தது. பதினோரு வட்டங்கள், வட்டத்துக்குள் பெயர்கள். என் பெயர் இல்லை. தேடிப் பார்த்தபோது படத்துக்கு வெளியே தனியாக நின்றது. மேலேயும் கோடில்லை, கீழேயும் கோடில்லை.

மமதாவுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் வேலை முடிந்தது. தப்பைப் பார்த்தவன் உடனே எழுதிவைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதைப் பதினோரு பேருக்கும் மனப்பாடம் ஆகும்வரை சொன்னவன் நான். ஆனாலும் எழுதவில்லை. வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று ஒரு வீம்பு. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் பதினோரு ஜோடி இருக்கின்றன, பகலுக்குள் யாராவது ஓடி வருவார்கள் என்று நினைத்தேன்.

யாரும் வரவில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேர் எதையாவது கேட்டு வந்து நிற்கும் என் மேசைக்கு ஹவுஸ்கீப்பிங் சாந்தகுமாரியைத் தவிர ஆள் வரவில்லை. மெயில் நின்றது. காபி மெஷினருகே லாவண்யா என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் ஒரு நாள் லீவு கேட்டு விண்ணப்பித்தேன். ஏன் லீவு என்று ஒருவராவது கேட்பார்களே என்ற ஆசைதான். பொத்தானை அழுத்திய நொடியில் அனுமதி வந்துவிட்டது. அனுமதிக்க மேலே ஆளில்லை என்றால் மென்பொருள் தானே அனுமதித்துவிடுமாம். அந்த லீவு நாளில் அறைக்குள்ளேயே படுத்திருந்தேன். மனைவி போன் செய்தபோது ஆபீசில் இருக்கிறேன் என்று பொய் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அழுகை வந்தது என்பது மட்டும் தெரியும்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் சங்கமித்ரா வந்தாள். அவளும் தங்கவயல்காரிதான். கையில் பெரிய உறை வைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. எப்போ கடைசி நாளுன்னு தெரியல. லெட்டர் குடுத்தா அன்னிக்கே அனுப்பிடுவாங்கன்னு சொன்னாங்க. அதான் முன்னாடியே குடுத்துடலாம்னு."

உறைக்குள் வாழ்த்து அட்டை. பதினோரு கையெழுத்து. யுவன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவன்.

படத்தை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னிக்கே பார்த்துட்டோம்ணா, பதினொரு பேரும். கம்பெனி உங்கள வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு நெனச்சோம். உங்ககிட்ட எப்படிக் கேக்கறது? போன்ல தனியா ஒரு குரூப் போட்டு அதுலதான் பேசிக்கிட்டு இருந்தோம். லாவண்யா அழுதுட்டா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபில்டர் கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவுதானா, இப்பவே மமதா மேடம்கிட்ட சொல்லிப் போட்டுக்கோங்க என்றாள்.

"எந்த டீம்ல போடச் சொல்லட்டும்?"

அவள் யோசித்தாள். நானும் அவளோடு சேர்ந்து யோசித்தேன். அந்தக் கேள்வியைப் பதினெட்டு நாளில் நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

"உன் டீமையே எடுத்துக்கோ. அதுல நான் வந்தா என்ன செய்யணும்? மறைக்காம சொல்லும்மா."

பொய் சொல்லத் தெரியாத பெண். அதற்காகவும்தான் பில் போடும் குழுவுக்கே அவளைக் கொடுத்தேன்.

"நல்லாதாண்ணா போய்க்கிட்டிருக்குது," என்றாள் கடைசியில். "போன ரிலீஸ் அஞ்சே நாள்ல கடைக்குப் போச்சி. யுவனும் அதேதான் சொல்றான். நீங்க அவ்வளவு சரியா பிரிச்சிக் குடுத்திருக்கீங்க."

அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை. பாக்கியராஜைப்போல என் பெயரை முதலில் எழுதியிருந்தாலும் எந்தக் குழுவில் எழுதியிருப்பேன்? அவருக்குத் தலைமை தாங்க எழுதுகிறவர்கள் இருந்தார்கள். என் ஆட்களில் இரண்டு பேரைக்கூட நான் ஒரே இடத்தில் விட்டுவைக்கவில்லை. தியோடரிடம் போய் நின்றால் பழைய பழக்கத்துக்காக ஏதாவது ஒரு பட்டத்தைக் கொடுத்து என்னை வைத்துக்கொள்வார். அதைக் கட்டிக்கொண்டு இந்த மேசையிலேயே, யாரும் எதுவும் கேட்காமல், ரிட்டையர் ஆகும்வரை உட்கார்ந்திருக்கலாம். பதினெட்டு நாளே என்னால் தாங்க முடியவில்லை.

சங்கமித்ரா தயங்கியபடி அட்டையைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"கேக் ஏதாவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"தேதி தெரியாம எப்படிண்ணா சொல்றது?"

"அடுத்த மாசம் கடைசி புதன்கிழமைன்னு சொல்லு. புதன்கிழமைதான் பதினொரு பேரும் ஆபீஸ் வருவீங்க. தியோடர்கிட்ட நான் இன்னிக்கே பேசிடறேன்."

அவள் போனை எடுத்தாள். நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்து குரூப்பில் தேதியைப் போட்டாள். பதில்கள் ஒவ்வொன்றாக அவள் போனில் வந்து விழுந்தன. யார் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த குரூப்பில் நான் இல்லை.