எட்டாவது நாற்காலி

ஓப்ரென் ஷ்கிபினா எங்கள் வட்டார அரசின் வன, நீர்வள அமைச்சராக நியமிக்கப்பட்டபோது அவர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. நியமனத்தில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை. போர் முடிந்தபின் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த சட்டப்படி லிபோவாட்சா வட்டாரத்துக்கு எட்டு அமைச்சர்கள். முஸ்லிம்களான நாங்கள் நால்வர் (அதில் நானும் ஒரு ஆள்), குரோஷியர் மூவர், செர்பியர் ஒருவர். எட்டு நாற்காலியும் நிறைந்தால்தான் பதவிப் பிரமாணம். ஒன்று காலியானாலும் அரசு இல்லை, அரசு இல்லையென்றால் ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை, ஆஸ்பத்திரிக்கு மருந்து இல்லை. யார் எந்த இனம் என்பதை அவரவர் வாய்ப்பேச்சை நம்பி எழுதிவிடவும் முடியாது. போருக்கு முன் தொண்ணூற்றொன்றில் எடுத்த குடிக்கணக்கில் என்ன பதிந்திருக்கிறதோ அதுதான் செல்லும். அந்தக் கணக்கில் எங்கள் ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் செர்பியர் இருந்தார்கள். சட்டம் வந்த வருடம் மருந்துக்குக்கூட ஒருவர் இல்லை. டயர் விற்கும் முனீப், "நான் செர்பியனா இருந்துட்டுப் போறேன், நாற்காலி நாற்காலிதானே" என்று மனுப் போட்டுப் பார்த்தான். குடிக்கணக்கைப் புரட்டிவிட்டுத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

சமாதான ஒப்பந்தம் நாட்டின் நடுவே ஒரு கோடு போட்டது. செர்பியர்கள் கோட்டுக்கு அப்பால் போனபோது வெறுங்கையோடு போகவில்லை. அடுப்பைக் கழற்றினார்கள், கதவுகளைக் கழற்றினார்கள், கடைசியில் தங்கள் சவங்களையும் தோண்டி ஏற்றினார்கள். அந்நியர் கையில் விட்டுப்போக மனம் வரவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் ஆட்களும் வேறு ஊரில் அதையேதான் செய்தார்கள். ஓப்ரென் உயிரோடிருந்தவரை தண்ணீர் வாரியத்தில் குழாய் ஃபிட்டர். தொண்ணூற்று மூன்றில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே உடைந்த குழாயை அடைக்கப் போய்ச் சிதறல் பட்டு இறந்தார். மயானம் துப்பாக்கிக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அந்த வருடங்களில் எந்த இனத்தாரானாலும் கால்பந்து மைதானத்தில்தான் புதைத்தோம். ஓப்ரெனின் மனைவி மிலோய்கா சாமான் லாரியில் முன்னால் போய்விட, தம்பி விடோமிர் அண்ணனை எடுத்துப்போக டிராக்டரோடு வந்தான். கோல் கம்பத்திலிருந்து நாலாவது குழி என்று அண்ணி சொல்லியனுப்பியிருந்தாள். கடைசிக் குளிர்காலத்தில் பெயர்ப் பலகைகளையும் கோல் கம்பங்களையும் ஊரே விறகாக்கி எரித்திருந்தது. விடோமிர் வாழ்நாளில் பந்தாட்டம் பார்த்தவன் இல்லை. எதிர்ப்பக்கத்து கோலிலிருந்து எண்ணி, யாரோ ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மற்றவர்களை அவரவர் வீட்டார் எடுத்துப்போன பிறகு மைதானத்தில் ஒரே ஒரு குழி மிஞ்சியது. அதில் இருப்பது யார் என்று அமைச்சகத்தின் தலைமை எழுத்தர் ஸெஹ்ராவுக்குத் தெரியும். குண்டு மழைக்கு நடுவில் அந்தக் குழியை வெட்டிய நாலு பேரில் அவளும் ஒருத்தி. முதலமைச்சர் நியாஸ் செரிமாகிச்சிடம் அவள் அதைச் சொன்னபோது, சட்டப் புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "குடிக்கணக்குல இருக்காரு. ஊரைவிட்டுப் போகலை. இறப்பைப் பதிவும் பண்ணலை. இதுக்குமேல சட்டத்துக்கு என்னம்மா வேணும்?" ஸெஹ்ரா நியமன ஆணையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், குழியின் தலைமாட்டில் நின்று, முத்திரை எண் உட்பட உரக்கப் படித்தாள். ஓப்ரென் எழுந்து வந்தார். சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "யாரும்மா ஜெயிச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலைண்ணே. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடுறாங்க" என்றாள் ஸெஹ்ரா.

அடுத்து மிலோய்காவைக் கேட்டார். ஸெஹ்ரா மறைக்கவில்லை. மிலோய்கா கோட்டுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் வீட்டில் இருக்கிறாள், ஓப்ரென் பெயர் பொறித்த கல்லுக்கு அடியில் வேறு யாரோ இருக்கிறார், சனிக்கிழமை தவறாமல் அவள் அங்கே போய் ஒரு கிண்ணம் காபி வைத்து, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மண்ணில் குத்திவிட்டு, வாரத்துக் கதையெல்லாம் சொல்லி அழுகிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஓப்ரென் அங்கேயே உட்கார்ந்து அழுதார். கண்ணீருக்குப் பதில் மண்தான் உதிர்ந்தது. பிறகு, "அவகிட்ட சொல்லிடாதீங்க. இத்தனை வருஷம் அழுதது வீணாப்போச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா" என்றார். பதவிக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. வேறு ஆள் கிடைத்ததும் தன்னை விடுவித்து, மிலோய்கா இருக்கும் ஊர் மயானத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும். அவள் காலம் முடிந்து வரும்போது பக்கத்துக் குழியில் தான்தான் இருக்க வேண்டும், முன்பின் தெரியாத ஆள் இருக்கக் கூடாது. ஆறே மாதம் என்று முதலமைச்சர் கைகொடுத்தார்.

நாலு வருடம் ஓடியது. எங்கள் வட்டாரம் பார்த்த அமைச்சர்களிலேயே உருப்படியானவர் ஓப்ரென்தான், இதை யார் முன்னாலும் சொல்வேன். ஊரின் நிலத்தடிக் குழாயெல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்து வருடம் கீழேயே கிடந்ததில் எது எங்கே ஒழுகுகிறது என்று காதால் கேட்டே தெரிந்துவைத்திருந்தார். லஞ்சம் கொடுக்க வந்தவர்கள், இந்த மனிதருக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். ஆனால் அவர் தனியாக இருந்தார். முக்கிய மசோதாவுக்கு மூன்று இனக் குழுக்களும் தனித்தனியே கூடி முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் பெரிய அறையில் கத்துவோம், குரோஷியர் அடுத்த அறையில் சிரிப்பார்கள், ஓப்ரென் மூன்றாவது அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றை ஆளாகக் கூடுவார். தன்னைத் தலைவராக முன்மொழிந்து, தானே வழிமொழிந்து, ஏதாவது கருத்து உண்டா என்று காலி நாற்காலிகளைக் கேட்டுவிட்டு, விதிப்படி பதினைந்து நிமிடம் காத்திருப்பார். மூன்றரை மணிக்கு அலுவலகம் முடிந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போவோம். அவரை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. பகை ஒன்றும் இல்லை. கம்பளத்தில் மண் உதிருமே என்று பார்த்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஸெஹ்ரா ஓர் எண்ணைச் சுழற்றி ரிசீவரை அவர் கையில் கொடுப்பாள். அந்தப் பக்கம் மிலோய்கா ஹலோ ஹலோ என்பாள். இவர் பேசமாட்டார். "பேசறதுன்னா பேசு, இல்லைன்னா வையி. அடுப்புல பால் இருக்கு" என்று அவள் திட்டிவிட்டு வைப்பாள். அவ்வளவுதான். அன்று முழுக்க ஓப்ரென் முகம் தெளிவாக இருக்கும். நேரில் போகவும் வழி இல்லை. அவரை நிற்கவைத்திருப்பது பதவி, வட்டார எல்லையைத் தாண்டினால் பதவி செல்லாது, நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவார். உள்ளே இருந்தாலும் சரிந்துகொண்டுதான் இருந்தார். தினமும் மாலையில் அவர் நாற்காலிக்கு அடியில் ஸெஹ்ரா ஒரு முறம் மண் கூட்டி எடுப்பாள். கொட்ட மனமில்லாமல் ஜன்னலோரத் தொட்டிகளில் போட்டுவைப்பாள். மூன்றாம் வருடம் மேல்சட்டை தோளில் நிற்கவில்லை. நாலாம் வருடம் பேனா பிடிக்க இரண்டு விரல்தான் இருந்தது. மூன்று தடவை ராஜினாமா எழுதினார். "நீங்க போனா அரசு கவுந்துடும்ண்ணே, பிள்ளைங்க பள்ளிக்கூடம் சாத்திடும்" என்று முதலமைச்சர் மூன்று தடவையும் கெஞ்சினார். பொய்யும் இல்லை. "இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே நின்னா, படுக்கவைக்க ஒண்ணும் மிஞ்சாதும்மா" என்று ஓப்ரென் ஸெஹ்ராவிடம் சொன்னார். தொண்ணூற்றொன்றின் குடிக்கணக்கில் மிலோய்காவின் பெயரும் இருக்கிறது, அவள் வந்து நாற்காலியை ஏற்றால் தான் போய்ப் படுக்கலாம் என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அவர் எழுந்து நடமாடுவதை மிலோய்காவுக்குச் சொன்னது தொலைக்காட்சி. மேட்டுத்தெருவுக்குப் புதுக் குழாய் திறந்த விழாவை வட்டாரச் செய்தியில் அரை நிமிடம் காட்டினார்கள். மறுநாள் காலை முதல் பேருந்திலேயே மிலோய்கா வந்து இறங்கி, நேரே அமைச்சகத்துக்கு வந்தாள். குட்டையான, கனத்த பெண். இறந்த புருஷன் ரிப்பன் வெட்டியதைப் பற்றி அவளுக்கு ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம்தான் இருந்தது. ஸெஹ்ராவின் மேசைமேல் கைப்பையை வைத்துவிட்டு, "அப்போ பதினோரு வருஷமா நான் யாருக்கு காபி ஊத்துனேன்?" என்று கேட்டாள். ஸெஹ்ரா தெரியாது என்றாள். "நல்ல ஆளாத்தான் இருக்கணும். எவ்வளவு புலம்பினேன், ஒரு நாள்கூட அலுத்துக்கலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு திறந்துதான் இருந்தது. ஓப்ரென் எழுந்து நிற்க முயன்றார், ஒரு பக்கம் உதிர்ந்தது. அவள் அப்படியே நின்று பார்த்தாள். அவரைக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணத்தில்தான் வந்திருந்தாள், பையில் ஒரு புதுச் சட்டைகூட இருந்தது. ஆளைப் பார்த்ததும் கணக்கு மாறிவிட்டது. பேருந்தில் ஏற்ற ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, எல்லை வரைகூடத் தாங்காது. திரும்பி வந்து, "இந்தாளு படுக்கணும். அந்த நாற்காலில நான் உக்கார்றேன். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றாள்.

பொறுப்பு ஒப்படைப்புக்கு ஒரு விதி உண்டு. போகிற அமைச்சரும் வருகிற அமைச்சரும் எதிரெதிரே உட்கார்ந்து, அமைச்சகத்தின் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிப் படித்து, கொடுத்தேன், பெற்றேன் என்று கையெழுத்திட வேண்டும். கடைசிக் கையெழுத்தோடு பழையவரின் பதவி தீரும். முதலமைச்சர் பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்திருந்தார். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது பிற்பகல் மூன்றரை வரை போனது. சாட்சியாக நானும் ஸெஹ்ராவும் இருந்தோம். முத்திரை ஒன்று, கொடுத்தேன், பெற்றேன். அலமாரிச் சாவி இரண்டு, கொடுத்தேன், பெற்றேன். குழாய் வரைபடத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது, ஒழுகும் இடம் ஒவ்வொன்றையும் ஓப்ரென் விரலால் காட்டினார். நடு நடுவே அவர்கள் பேசிக்கொண்டதை நாங்கள் எழுதவில்லை.

"வலிச்சுதாய்யா?"

"இல்லை. குழாயை மூடாமப் போறோமேன்னுதான் இருந்துச்சு."

"முதல் திங்கக்கிழமை போன்ல நின்னது நீதானே? மூச்சுச் சத்தமே கேக்காது. அப்பவே நினைச்சேன், இது ஊர்க்காரன் எவனும் இல்லைன்னு."

"பால் பொங்கிடுச்சா?"

"எத்தனை தடவை. எல்லாம் உன்னாலதான்."

பொருட்பட்டியல் தீரப்போவதைக் கண்டு மிலோய்கா பென்சில்களை எண்ணச் சொன்னாள். பிறகு காகிதக் கவ்விகளை. ஸெஹ்ரா நூற்றுப் பதினெட்டுக் கவ்விகளை மேசைமேல் கொட்டினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மிலோய்காவின் ஊர் மயானத்தில் ஒன்றாகப் படுக்கும் பேச்சு எழவேயில்லை. "மைதானம் ஈரம் அதிகம்" என்று அவர் சொன்னார். "பரவாயில்ல, பக்கத்துல எடம் விட்டுப் படு" என்று அவள் சொன்னாள். மூன்றரைக்குக் கடைசிக் கையெழுத்து விழுந்தது. புதுச் சட்டையில் அவரை அள்ளி, தொட்டிகளில் இருந்த மண்ணையும் சேர்த்து, பழைய குழியிலேயே வைத்தோம். மிலோய்கா மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தாள்.

ஏழு வருடம் அமைச்சராக இருந்தாள். கறாரான பெண், ஒப்பந்தக்காரர்கள் நடுங்குவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தாள். மாதம் ஒரு முறை கோட்டுக்கு அப்பால் போய் அந்த யாரோ ஒருவருக்கும் காபி வைத்துவிட்டு வருவாள், அவருக்கும் வேறு நாதி இல்லை என்பாள். போருக்கு முந்தைய குடிக்கணக்கில் இருந்தவர்கள் இரண்டொருவர் வீடு விற்க வந்தார்கள், விற்றார்கள், போனார்கள். இரண்டாயிரத்துப் பதினாலில் ஒரு வியாழக்கிழமை மதியம், கோப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே மிலோய்கா இறந்தாள். ஓய்வுபெற்றிருந்த ஸெஹ்ரா வந்து உடம்பைக் கழுவி, அவளுடைய அறையில் கிடத்தினாள். அன்று மாலையே நகராட்சி ஆட்கள் ஓப்ரெனுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். கல்லில் இரண்டு பெயரும் பொறிக்கச் சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அமைச்சரவைக் கூட்டம், பள்ளிக்கூடக் கூரைகளுக்கான நிதி அன்று நிறைவேறியாக வேண்டும். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மிலோய்கா ஈரத் தலையை வாரிக்கொண்டு உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் போய்க் கூப்பிடவில்லை, ஆணை எதுவும் படிக்கவில்லை. அவளுடைய ராஜினாமா எவர் கையிலும் இல்லை, அவ்வளவுதான். கூரை நிதி நிறைவேறியது. இப்போதும் அவள்தான் அமைச்சர். மைதானத்தில் வெட்டிய குழியை மூடவில்லை. பிள்ளைகள் பந்தாடும் இடம், எவனாவது உள்ளே விழுந்து காலை ஒடித்துக்கொள்ளப் போகிறான் என்று நகராட்சி அதன்மேல் கனமான பலகைகளைப் போட்டு மூலைக்கு ஓர் ஆணி அடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அமைச்சர் அந்தப் பலகைமேல் உட்கார்ந்திருப்பார். பந்து அந்தப் பக்கம் உருண்டால் எடுத்துப் போடுவார்.